ஆம், நான்தான்

மார்ச் 4

அன்புள்ள பாப்பா,

இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. உன் தொண்டைவலி தேவலையா? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

மெயிலிலும் போனிலும் எதுவும் வேண்டாம், யார் படிக்கிறார்கள் என்றே தெரியாது, காகிதத்தில் எழுதுங்கள் என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். பேனா பிடித்து எத்தனை வருஷமாயிற்றோ. கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

திங்கட்கிழமை காலையில் லேபைத் திறக்கும்போதே படிக்கட்டில் எட்டுப் பேர் நின்றார்கள். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் இல்லை. ஒவ்வொருவர் போனுக்கும் அவரவர் ரிப்போர்ட்டே போயிருக்கிறது. கேட்ட பணத்தைக் கொடுக்காவிட்டால் இதை ஊரெல்லாம் அனுப்புவோம் என்று கீழே ஒரு வரி. வெள்ளிக்கிழமை மத்தியானம் எவனோ என் கணக்கு வழியாகவே உள்ளே புகுந்து மூன்று வருஷத்து ரிப்போர்ட்டுகளை அள்ளிக்கொண்டு போயிருக்கிறான்.

மிரட்டலோடு நிற்கவில்லை. மற்றவர்களுக்குப் பயம் வரவேண்டும் என்று ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டை நிஜமாகவே வெளியே விட்டுவிட்டான். கணக்கு டீச்சர் அவள். அடுத்த மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடத்துக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போயிருக்கிறது. என்ன பரிசோதனை என்று உனக்கும் எழுதமாட்டேன். கல்யாணம் நின்றுவிட்டது.

லேப் வாசல் மேசையில் உட்காரும் நம் டோக்கன் அக்காவின் கீபோர்டுக்கு அடியில் என் பாஸ்வேர்டு ஒரு துண்டுக் காகிதத்தில் ஒட்டியிருந்தது. போலீஸ் வந்தபோது நானே எடுத்துக் காட்டினேன். விசாரணை முடியும்வரை அவளை லீவில் இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தொண்டை சரியாகிவிட்டது. முழங்காலுக்கு டாக்டரைப் பாருங்கள். டாக்டர்கள் நடுவிலேயே முப்பது வருஷம் இருந்துவிட்டு எண்ணெய் தடவிக்கொண்டு உட்காராதீர்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

அண்ணா, நிதானமாக யோசியுங்கள். பாஸ்வேர்டு மட்டும் தெரிந்தால் உங்கள் கணக்கைத் திறக்க முடியாது. போன வருஷம் நான் வந்தபோது அதற்காகத்தானே இரண்டு நாள் உட்கார்ந்தேன்? பாஸ்வேர்டைச் சரியாகப் போட்டாலும் உங்கள் போன் அதிர்ந்து, 'உள்ளே வருவது நீங்கள்தானா?' என்று கேட்கும். 'ஆம், நான்தான்' என்று ஒரு பட்டன், 'இல்லை' என்று ஒரு பட்டன். 'ஆம்' அழுத்தினால்தான் கதவு திறக்கும். டோக்கன் அக்கா காகிதத்தை ஊருக்கே படித்துக் காட்டியிருந்தாலும் அது பாதி வழிதான்.

அன்று மத்தியானம் உங்கள் போன் எதையாவது கேட்டதா? திட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்தால்தான் அடுத்த ஓட்டையை அடைக்க முடியும்.

எல்லா பாஸ்வேர்டையும் இன்றே மாற்றுங்கள். மேசைக்கு ஒன்று, ரத்தம் எடுப்பவருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று கணக்கைத் தனித்தனியாகப் பிரியுங்கள். யார் உள்ளே வந்தது, எந்த நிமிஷம் என்ற பதிவு சாஃப்ட்வேர் கம்பெனியிடம் இருக்கும். லேபில் பாதி என் பெயரில் இருப்பதால் நானே கேட்டு எழுதியிருக்கிறேன். அது வரும்வரை டோக்கன் அக்கா விஷயத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

அண்ணிக்கு என் அன்பு.
பாப்பா

மார்ச் 29

அன்புள்ள பாப்பா,

நலம். நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதம் ஆனதற்கு வேலைதான் காரணம், வேறொன்றுமில்லை.

நீ சொன்னபடி பாஸ்வேர்டு எல்லாம் மாற்றியாயிற்று. கணக்கையும் பிரித்தாயிற்று. என் போன் பாத்ரூம் வாளியில் விழுந்து போய்விட்டது, புதிது வாங்கிவிட்டேன். கூட்டம் பாதியாகிவிட்டது. கண்ணாடி மாட்டிய டாக்டர் ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டார். பெண்கள் ஆஸ்பத்திரிக்கார அம்மா போனை எடுப்பதில்லை. உன் அண்ணி பக்கத்து வீட்டு விசேஷத்துக்குக்கூடப் போகவில்லை. டாக்டர்கள் நாலு பேர் ஒன்றாக வந்து உட்கார்ந்து, "யாருன்னு கண்டுபிடிச்சீங்களா, இல்லையா?" என்று கேட்டார்கள். ஏதாவது ஒரு பதில் சொல்லவேண்டியிருந்தது.

டோக்கன் அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். வெளியே சத்தமில்லாமல்தான் செய்தேன். அவள் மேசை டிராயரில் இருந்த சீப்பையும் மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனாள்.

போன் விஷயம் கேட்டிருந்தாய். போனில் ஒரு நாளைக்கு ஆயிரம் வருகிறது, எதையென்று ஞாபகம் வைப்பது? முழங்காலுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள்.

அண்ணன்

ஏப்ரல் 3

அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். ஊசி கேட்டதா?

இனி மெயில் பாதுகாப்புதான், அதிலேயே எழுதலாம். ஆனாலும் காகிதமே இருக்கட்டும். போன் செய்தால் இரண்டாவது நிமிஷம் அண்ணியிடம் கொடுத்துவிடுகிறீர்கள்.

அந்தப் பதிவு நேற்று வந்தது. படித்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றரையிலிருந்து இரண்டுக்குள் நீங்கள் எங்கே இருந்தீர்கள் அண்ணா? இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

பாப்பா

மே 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் வீட்டுக்காரரும் நலம். நீங்களும் உங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் முகவரியைப் பழைய பார்சல் சீட்டிலிருந்து எடுத்தேன். சார் கொடுக்கவில்லை.

பத்தொன்பது வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை பேர் ரிப்போர்ட் என் கை வழியாகப் போயிருக்கும்? எந்தக் கவரையும் பிரித்ததில்லை. என் சொந்த நாத்தனார் ரிப்போர்ட்டையே நான் பார்த்துச் சொல்லவில்லை என்று அவள் இன்றைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கீபோர்டுக்கு அடியில் காகிதம் இருந்தது உண்மை. காலையில் வந்ததும் தன் கணக்கைத் திறந்து வைக்கச் சொல்லி அதை எழுதிக் கொடுத்தவரே சார்தான். நான் திறக்கும்போது அவர் போன் கேட்கும், மேலே அவர் அறையிலிருந்து ஆம் போடுவார். தினமும் நடந்ததுதான். இதைப் போலீஸிடமும் சொன்னேன். அவர்கள் சாரைப் பார்த்தார்கள். சார் ஜன்னலைப் பார்த்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு திரையில் ரிப்போர்ட்டுகள் யாரும் தொடாமலே இறங்கிக்கொண்டிருந்தன. ஏதோ கோளாறு என்று மேலே ஓடினேன். கதவைத் தட்டி, "சார், கம்ப்யூட்டர்ல என்னமோ ஆகுது, கொஞ்சம் வந்து பாருங்க" என்றேன். "மனுஷனைக் கொஞ்ச நேரம் விடமாட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. இறங்கி வந்துவிட்டேன். கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கிப் போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

ஒரு பல் டாக்டர் வேலைக்கு வரச்சொல்லிவிட்டு, மறுநாள் வேண்டாம் என்றார். இன்னொரு லேபில் என் பெயரைக் கேட்டதுமே சிரித்தார்கள். நான் எடுக்கவில்லை என்று ஒரே ஒரு வரி, லேப் காகிதத்தில், கையெழுத்தோடு வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
டோக்கன் அக்கா

மே 27

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நலமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான் நம்பவில்லை.

நீங்கள் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வரி உங்களுக்குக் கிடைக்கும். அண்ணனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் அக்கா. அவசரப்பட்டால் அவர் இன்னும் இறுகிவிடுவார்.

உங்கள் வீட்டுக்காரருக்கு என் வணக்கம்.

அன்புடன்,
பாப்பா

ஜூன் 2

அண்ணாவுக்கு,

ஏப்ரலில் ஒரு கேள்வி கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை. அண்ணியின் கையெழுத்தில் முகவரி எழுதிய மாங்காய் ஊறுகாய்ப் பார்சல் மட்டும் வந்தது. நன்றாக இருந்தது என்று அவரிடம் சொல்லுங்கள்.

டோக்கன் அக்கா எழுதியிருக்கிறார். கதவைத் தட்டினாராமே.

நான் எதையும் சொல்லப்போவதில்லை. நீங்களாகச் சொல்லவேண்டும். சின்ன வயசில் கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டுப் பூனை மேல் பழி போட்டீர்கள், அப்பா சிரித்துவிட்டார். இதில் சிரிக்க யாரும் இல்லை.

உடம்பு எப்படி இருக்கிறது?

பாப்பா

ஆகஸ்ட் 14

பாப்பா,

பத்து வாரமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். முழங்கால் பரவாயில்லை. தூக்கம்தான் இல்லை.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்தேன். போன் அதிர்ந்தது. 'உள்ளே வருவது நீங்கள்தானா?' நான் தூங்கிக்கொண்டிருக்கிறேனே என்று 'இல்லை' அழுத்தினேன். உடனே மறுபடி. 'இல்லை.' மறுபடி. கண்ணை மூடினால் அதிர்கிறது, திறந்தால் கேட்கிறது. டோக்கன் அக்காதான் கீழேயிருந்து எதையோ திறக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஏழோ எட்டோ, அதற்கு மேல் எண்ணவில்லை. எரிச்சலில் 'ஆம்' அழுத்திவிட்டேன். போன் அடங்கியது. எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

பிறகுதான் அவள் வந்து தட்டினாள். இவள் தொல்லை தாங்கவில்லையே என்று விரட்டினேன்.

திங்கட்கிழமை படிக்கட்டில் அந்த எட்டுப் பேரைப் பார்த்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. போலீஸ் கேட்டபோது சொல்ல வாய் திறந்தேன். அந்தத் துண்டுக் காகிதம் கண்ணில் பட்டது. கை தானாகப் போனது. போனை வாளியில் போட்டதும் நான்தான். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கும்.

நீ இல்லாமலே இத்தனை வருஷம் நான் ஒருவனாக லேபை ஓட்டினேன். மத்தியானம் தூங்கினேன், அதனால் ஒரு பெண்ணின் வாழ்க்கை போயிற்று என்று எந்த வாயால் அந்த டாக்டர்களிடம் சொல்வேன்?

ஒன்று கேட்கவேண்டும், கோபப்படாதே. போன வாரம் எல்லாவற்றையும் சரிபார்க்க ஒரு கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தேன். பழைய ஏற்பாட்டைக் கேட்டுவிட்டு, "வெறும் பட்டன் வெச்சதே தப்பு சார். திரையில வர்ற நம்பரைப் போன்ல போடச் சொல்லியிருந்தா தூக்கத்துல யாரும் ஆம் சொல்ல முடியாது. யார் போட்டது இதை?" என்றார். என் தங்கை என்று நான் சொல்லவில்லை. உனக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

அண்ணன்

ஆகஸ்ட் 22

அண்ணாவுக்கு,

தெரியும்.

முதலில் நம்பர் முறையைத்தான் வைத்தேன். ஞாபகம் இருக்கிறதா, முதல் நாளே இரண்டு தடவை தப்பாகப் போட்டுவிட்டு, "இது லேபா, சிறைச்சாலையா?" என்று போனை மேசைமேல் எறிந்தீர்கள். மறுநாள் எனக்கு ரயில். இந்த மனுஷனோடு யார் மல்லுக்கட்டுவது என்று பட்டனுக்கு மாற்றிவிட்டுக் கிளம்பினேன். அது பலவீனமானது என்று எனக்குத் தெரியும். என் வேலையே அதுதான். விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் மனிதர்கள் சலித்துப்போய் ஆம் சொல்லிவிடுவார்கள் என்று வாரத்துக்கு ஒருமுறை யாருக்காவது பாடம் எடுக்கிறேன்.

பதிவில் எல்லாம் இருந்தது: உள்ளே வந்தது நம் லேப் கம்ப்யூட்டரிலிருந்து இல்லை, எங்கோ வெளியூரிலிருந்து. ஒன்று முப்பத்தெட்டிலிருந்து ஒன்று ஐம்பத்திரண்டுவரை பத்து 'இல்லை'. பதினோராவது 'ஆம்'. ஏப்ரல் இரண்டாம் தேதி படித்தேன்.

இனி காகிதம் போதாது. டோக்கன் அக்கா வீட்டுக்கு நேரில் போங்கள். அவர் கேட்ட வரியை எழுதிக்கொண்டு போங்கள். போலீஸுக்கும், டாக்டர்கள் நாலு பேருக்கும் அதே வரி.

பாப்பா

செப்டம்பர் 9

பாப்பா,

போலீஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். டாக்டர்களுக்கும் அனுப்பினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு மாசத்தில் அவர்கள் வேறு லேபுக்குப் பழகிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டோக்கன் அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, ஒரே அறை, நடுவில் திரை போட்டிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் இருமிக்கொண்டிருந்தார். அவருக்கு நெஞ்சில் கோளாறு என்பது பத்தொன்பது வருஷத்தில் எனக்குத் தெரியாது. நாற்காலியில் இருந்த துணியை எடுத்துவிட்டு, "உக்காருங்க சார்" என்றாள். எனக்கு உட்கார முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தூங்கியது, அழுத்தியது, காகிதத்தை எடுத்துக் காட்டியது, வாளி.

அவள் நான் கொடுத்த காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். தேதி போடவில்லை என்று பேனா எடுத்துக் கொடுத்தாள். போட்டேன்.

"உங்களுக்கு எப்ப தெரியும் சார்?"

"அன்னைக்கே தெரியும்."

"பாப்பாவுக்கு?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை பாப்பா. அதை நீதான் எழுதவேண்டும். திரும்ப வேலைக்கு வரச்சொன்னேன். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு இறங்கினேன்.

அண்ணன்

செப்டம்பர் 15

அன்புள்ள அக்கா,

ஏப்ரல் இரண்டாம் தேதியிலிருந்து எனக்குத் தெரியும். உங்கள் கடிதம் வந்தபோதும் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று உங்களுக்கு எழுதியபோதும் அந்தப் பதிவு என் மேசை டிராயரில்தான் இருந்தது.

அண்ணன் வாயாலேயே வரவேண்டும் என்று நினைத்தேன். நான் சொன்னால், வெறும் பட்டனை வைத்தது யார் என்ற கேள்வியும் வரும் என்ற பயமும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று எனக்கே தெரியவில்லை. லேபில் என் பங்காக இருப்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதனால் உங்களுக்கு ஒன்றும் திரும்பி வராது என்பதும் தெரியும்.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பாப்பா

அக்டோபர் 3

மேடம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இங்கே நான் நலம். வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, போன வாரம்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

சார் வேலைக்குக் கூப்பிட்டார். போகப்போவதில்லை. ஒரு துணிக்கடையில் மடித்து அடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் பக்கம் என்னை விடமாட்டார்கள், நானும் கேட்கவில்லை.

சார் பயந்துபோய்ச் செய்தார். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கவரைக் கையில் வைத்துக்கொண்டு பிரிக்காமல் நிற்பார்கள். பயம் மனிதர்களை என்ன செய்யும் என்று நான் தினமும் பார்த்தவள். அதனால் அவர் மேல் கோபம் வந்தது, வந்து போய்விட்டது. நீங்கள் காத்திருந்தீர்கள். அவர் வாயிலிருந்து வரட்டும் என்று அங்கே உட்கார்ந்து காத்திருந்த அந்த மாசங்களெல்லாம் இங்கே என் வீட்டில் கழிந்தன. மே மாதத்தில் நீங்கள் எழுதிய கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. மார்ச் மாதக் கடைசியில் அந்தக் கணக்கு டீச்சர் என் வீட்டைத் தேடி வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, "நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?" என்று கேட்டாள். "நான் பண்ணலைம்மா" என்றேன், அவள் நம்பவில்லை. இன்றைக்கும் அவள் நான்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். போலீஸும் சாரும் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவளுக்குப் பள்ளிக்கூட வேலை போய்விட்டது. தன் அக்கா வீட்டில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சாரை மட்டும் அனுப்ப வேண்டாம், நீங்களும் கூடப் போங்கள். நான் வரமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பாடம் இல்லை, வீட்டில் இருப்பாள். காலையிலேயே போங்கள்.

இப்படிக்கு,
டோக்கன் கொடுத்தவள்